ஜாடி அறைக்கு ஒரு விசிறி

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூத்தவள் பாசி வைப்பாள். ஜாடியின் வாய் மூன்று விரல் அகலம். நீள இடுக்கியால் பாசித் துண்டை இறக்கி, மண்ணில் அமர்த்தி, கண்ணாடியில் படாமல் இடுக்கியை வெளியே எடுக்க வேண்டும். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்தூள், அதன்மேல் மண், மண்ணில் மூன்று செடி. பிறகு கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டைத் தட்டிவிட்டு, இரண்டு தடவை தண்ணீர் பீய்ச்சி, தக்கையால் இறுக அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. பூஞ்சை பிடித்தால் பூச்சி தின்னும். பூச்சியின் கழிவு செடிக்கு உரம். செடி விடும் ஈரம் கண்ணாடியில் வழிந்து செடிக்கே திரும்பும். வாங்குகிறவர்கள் மேஜைமேல் வைத்துவிட்டு மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருக்கலாம்.

"மூணுக்கு மேல நாலாவது செடி வெச்சீன்னா நாலும் அழுகிடும். உசுருன்னா அதுக்கு எடம் வேணும்மா," என்பார் முதலாளி. சொல்லும்போதே அவர் குரல் தழுதழுக்கும். செடி என்றால் அவருக்கு அவ்வளவு இளகிய மனசு.

அதே இளகிய மனசுக்காரர்தான் மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, வேலைக்காரப் பெண்கள் தங்கும் அறையில் ஆறு பேரை எட்டாக்கி, எட்டைப் பத்தாக்கியவர். பத்துப் பேருக்கும் ஒரே ஒரு மின்விசிறி. ஜன்னல் ஒன்று இருந்தது. வெளியே ஜாடி வந்த அட்டைப்பெட்டிகளை அடுக்கியதில் அதுவும் சுவராகிவிட்டது.

மூத்தவளின் தங்கைக்குக் கரி சலிக்கும் வேலை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு எட்டு மாதமாகச் சலிக்கிறாள். துப்பினால் கறுப்பாக வந்தது. வெயில் ஏற ஏற இளைப்பும் ஏறியது. ஒரு வாரமாக வேலைக்கு இறங்க முடியாமல், விசிறிக்கு நேர் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அக்காவும் அவள் முதுகைத் தடவிக்கொண்டு ராவெல்லாம் விழித்திருந்தாள்.

"காத்து அவ ஒருத்திக்கு மட்டும்தானா? எங்களுக்கெல்லாம் மூக்கு என்ன அழகுக்கா வெச்சிருக்கு?" என்று முனகினாள் பக்கத்துப் பாய்க்காரி. ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பதால் எல்லோருக்கும் அவள் ஒட்டடைக்குச்சி. முனகினாளே தவிர, விசிறிக்கடியில் இருந்த தன் இடத்தை விட்டுக்கொடுத்தவளும் அவள்தான்.

மூத்தவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஐயா, ஜாடி ரூம் குளுகுளுன்னு இருக்கு. மத்தியானம் ஒரு மணி நேரம் அவளை அங்க படுக்க வெச்சுக்கட்டுமா? ஒரு ஓரமா கெடப்பா."

"ஆள் மூச்சு பட்டா ரூம் சூடாயிடும்மா. செடி தாங்குமா? டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"காட்டுனோம். காத்தோட்டமான எடத்துல இருக்கச் சொன்னாரு."

"பாத்தியா! சொன்னபடி கேக்கணும்ல? காத்தோட்டமா இருக்கச் சொல்லு," என்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் சரக்கோடு வெளியே போன நேரம் பார்த்து, மூத்தவள் தங்கையைக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தாள். ஜாடி அறையின் சுவர் கனமானது, தரை சில்லென்றிருந்தது. அலமாரிகளில் அடைத்த ஜாடிகள் வரிசையாக நின்றன. திரையை விலக்கி ஜன்னலைத் திறந்ததும் காற்று வந்தது. தங்கை அதற்கு நேராகத் தரையில் சாய்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தோள் இறங்கியது. அப்புறம் கண் மூடியது.

"அக்கா, ரெண்டு மணிக்கு வெயில் வந்துரும். எழுப்பிடு," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ஜாடியில் நேர்வெயில் பட்டால் உள்ளே இருப்பது வெந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். இரண்டு அடித்தபோது மூத்தவள் எழுந்துபோய்த் திரையைத் தொட்டாள். தங்கையின் மூச்சு சத்தமில்லாமல் சீராக வந்துகொண்டிருந்தது. திரையை இழுத்தால் காற்று நின்றுவிடும். அவளுக்கு மனசு வரவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாரத் தூக்கம் அவளை அங்கேயே அமுக்கிவிட்டது.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு எதிர் அலமாரி முழுக்க வெயில். அதிலிருந்த நாற்பது ஜாடிகளும் உள்ளே வெள்ளையாக வியர்த்திருந்தன. செடிகள் வெந்த கீரையாகக் குழைந்து கிடந்தன.

முதலாளி சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு ஜாடியை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். கத்துவார், துரத்துவார் என்று மூத்தவள் எதிர்பார்த்து நின்றாள். பாசி வைக்க அவளைப்போல ஒரு கை கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"பாவம், மூச்சு முட்டியே செத்திருக்கு எல்லாம்," என்றார் கண் கலங்கி. "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. இந்த ரூமுக்கு எப்பவோ ஒரு ஃபேன் போட்டிருக்கணும். என் தப்பு."

மூத்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள்.

காலையில் ஏணியோடு வந்த எலக்ட்ரீசியன் ஜாடி அறையைத் தாண்டி மாடிப்படி ஏறினான்.

"கீழதானே ஃபேன் மாட்டணும்?" என்றாள் மூத்தவள்.

"மேல ஒண்ணு சும்மா சுத்துதாம்ல? அதைக் கழட்டித்தான் மாட்டச் சொன்னாரு. ஏணியைக் கொஞ்சம் புடிச்சுக்கங்கக்கா."

பிடித்துக்கொண்டாள். தங்கை பாயோடு சுவரோரம் நகர்ந்தாள். அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் முதலாளியைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவர் அங்கே இல்லை. ஒட்டடைக்குச்சிதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டி, நேத்து நல்லா தூங்குனாளா உன் தங்கச்சி?"

மத்தியானம் மிச்ச ஜாடிகளை மாற்றி அடுக்க முதலாளி மூத்தவளைக் கீழே கூப்பிட்டார். ஜன்னலுக்குப் பூட்டு வந்திருந்தது. விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மூத்தவளின் நெற்றி முடி பறந்து கண்ணில் விழுந்தது. தக்கை போட்டு இறுக அடைத்த ஜாடிகளுக்குள் ஒரு இலைகூட அசையவில்லை.