ஏழு பேர் கல்

இருளாயி தாலியைக் கழற்றியதே அந்தக் கல்லுக்கு முன்னால்தான். பிணம் என்று ஒன்று வந்தால்தானே? அவள் புருஷன் சன்னாசி வெள்ளைக்காரன் சண்டைக்கு மூட்டை தூக்க பஸ்ராவுக்குப் போனான். போனவன் போனவன்தான். மலாயாவில் சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து போன ஏழு பேரில் ஒருத்தரும் திரும்பவில்லை. சண்டை ஓய்ந்த பிறகு பழைய துரை, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தோரம் கல் நட்டு, ஏழு பேரின் பெயரையும் அதில் வெட்டி வைத்தார். அன்றைக்கு அவள் அண்ணன் உடையப்பன், பிறந்த வீட்டு முறைக்குக் கோடிச் சேலையை அவள் மேல் போட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அதைக் கட்ட மனசு வராமல் பெட்டியில் வைத்துவிட்டாள். வருஷா வருஷம் படையல் போட அவளுக்கு இருந்தது அந்தக் கல் ஒன்றுதான்.

இருபத்தாறாம் வருஷம் வந்த புதுத் துரைக்கு அந்தக் கல் போதவில்லையாம். துரைமார் கிளப்புக்கு எதிரே பளிங்கில் பெரிய தூண் எழுப்பப் போகிறாராம். அதில் வெள்ளைக்காரர் இரண்டு பேருக்குப் பேர் உண்டு. இந்த ஏழு பேருக்கும் சேர்த்து ‘மற்றும் கூலிகள்’ என்று ஒரே வரி. பழைய கல்லை உடைத்துத் தூணுக்கு அஸ்திவாரம் போடுவார்களாம். நல்லாயிருக்கிறது நியாயம்.

கூலிகள் குடியிருந்த லயமே கொதித்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பெரட்டில் ஒருத்தரும் பால்வெட்டுக் கத்தியைத் தொடவில்லை.

“கல்லுல கை வைக்க மாட்டோம்னு துரை சொல்லட்டும். அப்புறம் பால் வெட்டப் போறோம்,” என்றாள் இருளாயி.

உடையப்பன்தான் அவர்களுக்குக் கங்காணி. துரையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். “கல்லைத் தொட மாட்டாங்க. நான் பொறுப்பு. போங்க லா, வெயில் ஏறிட்டா பால் எறங்காது.”

வேறு எவன் சொல்லியிருந்தாலும் இருளாயி அசைந்திருக்க மாட்டாள். “அண்ணன் சொல்லிருச்சுல்ல, வாங்க,” என்று முதல் ஆளாக மர நிரைக்குள் இறங்கினாள்.

ஒன்பது மணிக்குச் சம்மட்டிச் சத்தம் கேட்டது. அதற்குள் எல்லா மரமும் வெட்டியாகிவிட்டது, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்காமல் போனால் உறைந்துவிடும், அன்றைய பாடு அத்தனையும் பாழ். வெட்டின மரத்தை விட்டு எவரும் நகர மாட்டார்கள். கங்காணிக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான், பாவி.

இருளாயி வாளியை எறிந்துவிட்டு ஓடினாள்.

கல் நாலு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் உடைத்த தேங்காய், சூடம் எரிந்த கரி. வெளியூரிலிருந்து உடைக்க வந்த ஐயாவு கையைப் பிசைந்தான்.

“எங்களை ஏசாதக்கா. செத்தவங்க வீட்டு ஆளு உத்தரவு குடுக்காம தொட மாட்டோம்னுதான் நின்னோம். கங்காணிதான், ‘நான் சன்னாசிக்கு மச்சான்’னு சொல்லி, அவரே சூடம் ஏத்திக் குடுத்தாரு.”

அங்கேயே நின்ற உடையப்பன் தரையைப் பார்த்தான். “பெரிய கங்காணி ஆக்குறேன்னாரு துரை. நான் இல்லாட்டி வேற ஒருத்தன் செஞ்சிருப்பான், ஆயி.”

“வேற ஒருத்தன் செஞ்சிருந்தா கல்லு மட்டும்தான் போயிருக்கும்ணே.”

அவனைத் திரும்பிப் பார்க்காமல் லயத்துக்கு நடந்தாள்.

மறுநாள் பெரட்டுக்குப் பெட்டியிலிருந்த கோடிச் சேலையோடு வந்தாள். உடையப்பன் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நேரே போய், பிணத்துக்குப் போடுவது மாதிரி அவன் மார்பில் அதை விரித்துப் போட்டாள்.

“கூடப் பொறந்தவனுக்குக் கோடி போட்டுட்டேன்,” என்றாள் சனத்தைப் பார்த்து. “யாரும் அழ வேணாம்.”

யாரும் அழவில்லை. சேலையை எடுக்கவும் கை வராமல் உடையப்பன் அப்படியே நின்றான்.