மலை சாயும் திசை

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், கனத்த எடைப் பிரிவுக் குத்துச்சண்டையின் எதிர்காலமும், அதையொட்டி மனித குலத்தின் எதிர்காலமும் வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவாகப் போகின்றன. மலை எனப்பட்ட நூற்றுப் பதினெட்டுக் கிலோ வீரன், தன்னை ஒருமுறை சாய்த்த கடப்பாரை எனப்பட்ட வீரனை மறுபடியும் சந்திக்கப்போகிறான். இந்த அறிவிப்பை எழுதி, அச்சடித்து, பயிற்சிக் கூடத்தின் வாசலில் கோணலாக ஒட்டியவன் மலையின் மைத்துனன். அவனுடைய விசிட்டிங் கார்டில் 'தலைமை வியூக வகுப்பாளர்' என்று போட்டிருந்தது. அவனுக்குக் கீழே யாரும் கிடையாது.

முதல் ஆட்டத்தில் மலைக்கு ஞாபகம் இருந்தது இரண்டே விஷயம்தான். மணி அடித்தது. பிறகு ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்து, "இது எத்தனை விரல்?" என்றார். நடுவில் மூன்று ரவுண்டு நடந்ததாகப் பேசிக்கொண்டார்கள். மலை மறுக்கவில்லை.

இந்த முறை ஜெயித்தால் தரவரிசையில் ஏழாவது இடம். அங்கிருந்து பட்டத்துக்கு ஒரு தாவல். தோற்றால் என்ன என்பதை மாமனார் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டார். அவர் மெத்தைக் கடைக்காரர்.

"தோத்தா திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை. ஷட்டரைத் தூக்கணும். அப்புறம் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு மெத்தையில படுத்துக்கணும். உங்களைத் தாங்கற மெத்தை ஊர்ல யாரையும் தாங்கும்னு போர்டு வச்சிடலாம்."

"உங்க பையனைப் படுக்க வைக்கலாமே மாமா?"

"அவன் படுத்தா மெத்தைக்குத்தான் கெட்ட பேரு."

மலைக்குக் கடப்பாரையின் குத்துகூடப் பயமில்லை. தெருவே பார்க்கப் பட்டப்பகலில் படுத்துக் கிடப்பதற்குத்தான் பயந்தான்.

ஆனால் மைத்துனனிடம் ஓர் ஆயுதம் இருந்தது: முதல் ஆட்டத்தின் வீடியோ. மேடையோரம் நின்று தன் செல்போனிலேயே எடுத்தது. எடுக்கும்போது போனைத் தன் பக்கம் திருப்பி, முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தான். எனவே திரையில் மூன்றில் ஒரு பங்கு அவன் முகம், மீதியில் குத்துச்சண்டை. "சரித்திரம் நடக்கும்போது அதை வகுத்தவனும் கூட இருக்கணும்ல மச்சான்" என்பது அவன் நியாயம்.

அந்த வீடியோவை இருவரும் எட்டு வாரம் பார்த்தார்கள். மூன்றாம் நாளே வியூக வகுப்பாளர் துள்ளி எழுந்தான்.

"பாருங்க மச்சான், அவன் இடது தோள் இறங்குது. உடனே இடது கை வருது. ஆள் இடது கைக்காரன்!"

"சங்கத்து ரெக்கார்டுல வலது கைன்னு போட்டிருக்கேடா."

"அதான் சூழ்ச்சி!"

மலை தன்னையும் உற்றுப் பார்த்தான். பன்னிரண்டு வருடமாகப் பயிற்சிக் கூடத்துக் கண்ணாடியில் பார்த்த அதே ஆள், அதே நிற்கும் தோரணை. சந்தேகப்பட ஒன்றுமில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவனுக்குத் தன் முன்பக்கமும் கண்ணாடி சொல்லித்தான் தெரியும். மைத்துனனின் தலைக்கு மேலே தெரிந்த மஞ்சள் பேனரைத்தான் வாசிக்க முடியவில்லை.

"அது என்னடா எழுத்து?"

"ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி மச்சான். உங்க ஆட்டத்தை உலகமே கவனிக்குது."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, இதுல வலது கன்னத்துல அடி விழுது? ஐஸ் ஒத்தடம் கொடுத்தவ நான். வீங்கினது இடது கன்னம்."

"அக்கா, ஒத்தடம் வேற, விஞ்ஞானம் வேற" என்றான் தம்பி.

"பட்ட கன்னத்துலயேதான் மறுபடியும் படும், பாரு" என்று அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

வியூகம் எளிமையானது. தோள் இறங்கினால், மலை தன் இடப்பக்கம் சாய்ந்து குத்தைத் தவிர்க்க வேண்டும்; உடனே வயிற்றில் திருப்பி அடிக்க வேண்டும். இடது கைப் பழக்கமுள்ள ஒரு லாரி லோடுமேனைக் கூட்டிவந்து எட்டு வாரம் குத்தவிட்டார்கள். கடைசியில் மலையின் உடம்பு யோசிப்பதையே நிறுத்திவிட்டது. தோள் இறங்கினால் இடப்பக்கம். கதவு திறந்தால் இடப்பக்கம். தூக்கத்திலும் அவன் இடப்பக்கம் சாயவே, மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் மாறினாள்.

சனிக்கிழமை வந்தது. முதல் ரவுண்டு முழுக்க இருவரும் ஒருவரையொருவர் முறைத்தபடி சுற்றிவந்தார்கள். இரண்டாவது ரவுண்டின் கடைசியில் கடப்பாரையின் ஒரு தோள் இறங்கியது. எந்தத் தோள் என்று மலையின் உடம்பு விசாரிக்கவில்லை. அழகாக, லாவகமாக, எட்டு வார உழைப்பு வீண்போகாமல் இடப்பக்கம் சாய்ந்தது. கடப்பாரையின் வலது கை அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருந்தது. வீடு தேடி வந்த விருந்தாளியை வாசலுக்கே போய் அழைத்ததுபோல் இடது கன்னம் அதை வரவேற்றது.

மலை மல்லாந்து விழுந்தான். நடுவர் எண்ணத் தொடங்கினார். தலைக்கு மேலே அதே மஞ்சள் பேனர். எட்டு வாரமாக வாசிக்க முடியாத வெளிநாட்டு எழுத்து இப்போது பளிச்சென்று புரிந்தது: 'வலி நீக்கும் தைலம். விழுந்த இடத்தில் தடவவும்.'

ஐந்து எண்ணும்போது மலைக்கு உண்மை விளங்கியது. எட்டில் எழுந்தான். உடனே மணி அடித்து ரவுண்டு முடிந்தது.

"ஏன்டா, வீடியோவை எந்தக் கேமராவுல எடுத்த?" என்றான் மூலையில் உட்கார்ந்ததும்.

"முன்பக்கத்துல. ஏன் மச்சான்?"

"அது கண்ணாடி மாதிரி எல்லாத்தையும் திருப்பிக் காட்டியிருக்குடா, பாவி! அவன் வலது கைக்காரன்டா!"

மைத்துனன் தண்ணீர் பாட்டிலை மூடி வைத்தான். பிறகு மார்பை நிமிர்த்தினான். "அப்போ வியூகம் சரி மச்சான். திசை மட்டும்தான் தப்பு. வலப்பக்கம் சாயுங்க."

மூன்றாவது ரவுண்டில் மலை உதட்டுக்குள் 'வலது, வலது' என்று ஜபித்தபடி இறங்கினான். தோள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்தான். குத்து காதோரம் காற்றாகப் போனது. திருப்பி வயிற்றில் ஒன்று வைத்தான். கடப்பாரை இரண்டாக மடிந்தான். அரங்கம் எழுந்து நின்றது. மைத்துனன் போனைத் தன் பக்கம் திருப்பி வீடியோ எடுக்க ஆரம்பித்தான். ஏழாவது இடம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் மலை ஜபத்தை நிறுத்தினான்.

தோள் மறுபடி இறங்கியது. மண்டை வலது என்றது. உடம்பு எட்டு வாரம் படித்ததைச் செய்தது.

இந்த முறை அவன் எதையும் வாசிக்கவில்லை.

ஆம்புலன்ஸில் மைத்துனன் மூன்றாம் ஆட்டத்துக்கான அறிவிப்பை எழுதத் தொடங்கினான். அக்கா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, ஐஸ் பையை இடது கன்னத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மலை ஷட்டரைத் தூக்கிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் படுத்தான். மெத்தை தாங்கியது.