டெல்ஃபியின் குரல் இருந்த பானை

அடிமைத்தனத்திலிருந்து ஓஹையோ ஆற்றைக் கடந்து தப்பி வந்த சைரஸின் இரும்புப் பானைக்குள் அவன் மனைவி டெல்ஃபியின் குரல் இருந்தது. அக்கரையில் அடிமைகள் எசமானுக்குத் தெரியாமல் கூடி ஜெபிக்கும்போது வாசலில் ஒரு பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். சத்தத்தை அது விழுங்கிவிடும். டெல்ஃபியின் குரலைப் பல வருஷம் விழுங்கிய பானை இது. மகளோடு மூன்று பேரும் ஓடினால் பிடிபடுவோம், நீ போய் ஆள் கூட்டி வா என்று அதைக் கையில் கொடுத்து அனுப்பியவளே அவள்தான். சணல் அறுவடை முடிந்ததும் அவளையும் மகள் டில்லாவையும் விற்றுவிடுவதாகப் பேச்சு.

இக்கரையில் விடுதலை பெற்ற கறுப்பர்களின் சர்ச்சில் சைரஸ் பானையின் விளிம்பைக் கொஞ்சமாகத் தூக்குவான். “என் புள்ளைய என்கிட்டேருந்து பிரிச்சிடாதே ஆண்டவரே” என்று டெல்ஃபி கெஞ்சுவாள். சபையே தேம்பும். அழுவதற்கு ஆள் குறைவே இல்லை, அவர்களை மீட்கப் படகில் ஏறத்தான் ஒருவரும் இல்லை.

“அழுதோமே தம்பி, இன்னும் என்ன பண்ணச் சொல்றே?” என்றார் சபை மூப்பர் ஆப்னர். “பிடிபட்டா எங்க காலுக்கும் சங்கிலிதான்.”

“அழுகைய வச்சு துடுப்புப் போட முடியாது அண்ணே.”

அறுவடை முடிகிற வாரம் சர்ச் விருந்து வந்தது. சமையல்காரி ஹெஸ்டர் அந்தப் பானையைத் தேய்த்துக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

“நல்ல கனமான பானை, சும்மா கெடக்கேன்னு பீன்ஸ் வேகவெச்சேன் தம்பி.”

“அதுலதானேக்கா என் பொண்டாட்டி இருந்தா” என்று சைரஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாப்பிட்டவர்கள் வாயைத் திறந்தபோதெல்லாம் டெல்ஃபி பேசினாள். கொல்லன் குதிரைக்கு விலை சொல்லப் போய் மகளுக்காகக் கெஞ்சினான். ஆப்னர் பிரசங்க மேடையில் ஏறி, “டில்லா, சாப்பிட வா கண்ணு” என்றார். மூன்றாம் நாளே படகு தயாரானது. இரக்கம் செய்யாததைத் தொல்லை செய்தது, அவ்வளவுதான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டெல்ஃபியைத் தெற்கே மிசிசிப்பிக்கு விற்றிருந்தார்கள். சணல் கட்டுகளுக்கு அடியில் ஒளிந்திருந்த டில்லா மட்டும் கிடைத்தாள். அவள் கரையேறியதும் எல்லோருக்கும் சொந்தக் குரல் திரும்பியது, ஆப்னரைத் தவிர. தெற்கே பல வருஷம் விசாரித்தும் டெல்ஃபியைப் பற்றித் துப்பே இல்லை. சைரஸுக்கு அந்த வலி கடைசிவரை ஆறவில்லை.

ஆப்னர் அதற்கு வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும் சைரஸின் வீட்டு வேலியருகே வந்து நின்று, “டில்லா, சாப்பிட வா கண்ணு” என்று கூப்பிடுவார். அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள்.