இடப்பக்கக் கிழிசல்

"தொப்பிய எடுக்காதீங்க, ஹாஸ்லர். இங்க போட்டுக்கணும்" என்றார் யூதக் கல்லறையில் சடங்குகளைச் செய்துவைக்கும் பிங்கஸ் கிழவர்.

அப்பா அவசரமாகத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். யூதப் பெண்ணோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் சர்ச்சில் தொப்பியைக் கழற்றும் பழக்கம் அவரை விடவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சரிதான். ஹெட்விக்கிற்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது.

ஜெர்மனியின் பிரெஸ்லாவில், ஹிட்லர் தொடங்கிய போரின் முதல் குளிர்காலம். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அம்மா செல்மாவுக்கு நிமோனியா. யூதர்களைப் பார்க்க அனுமதி பெற்ற வைத்தியர் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

தம்பி லோதார் சீருடையில் நின்றான். லீவிலும் அதுதான் போட வேண்டும் என்று உத்தரவு. நாஜிக் கழுகுச் சின்னத்தோடு யூதக் கல்லறைக்குள் நின்ற அவனைப் பார்த்துவிட்டு ஹெட்விக் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் பாதி யூதன் என்பது அவன் படைப்பிரிவின் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார். மகன் படையில் இருக்கிறவரை இந்த வீட்டின் மீது யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள்.

பெற்றவர் இறந்தால் பிள்ளைகள் இதயம் இருக்கும் இடப்பக்கம் உடையைக் கிழித்துக்கொள்வது யூதர் வழக்கம். பிங்கஸ் சிறு கத்தியைப் பிரித்தார். ஹெட்விக்கின் கோட்டில் நெஞ்சுக்கு மேலே ஒரு வெட்டுப் போட்டார். மீதியை அவள் கையால் கிழித்தாள். லோதாரிடம் வந்ததும் கிழவர் தயங்கினார்.

"தம்பி, உனக்கு உள்சட்டைய கிழிச்சா போதும். மேல பட்டன் போட்டுக்கிட்டா யாருக்கும் தெரியாது."

"கோட்டையே கிழிங்க ஐயா."

"டேய், பைத்தியமா உனக்கு? நாளைக்கு அணிவகுப்புல நிக்கணும்டா" என்றாள் ஹெட்விக்.

"போன தடவை அம்மா கடைசியா இஸ்திரி போட்டுக் குடுத்தது இதத்தான்க்கா."

கிழவர் இடது பக்கம் வெட்டினார். லோதார் விரலை விட்டு ஒரே இழுப்பில் கிழித்தான். அப்பா வேறு பக்கம் பார்த்தார்.

"முப்பது நாள் போனா ஓட்டுத்தையல் போட்டுக்கலாம். சரியா இணைச்சு மட்டும் தைக்கக்கூடாது. பெத்தவங்களுக்காகக் கிழிச்சது என்னைக்கும் கிழிசலாத்தான் இருக்கணும்" என்றார் பிங்கஸ்.

அம்மாவை மண்ணிட்டு மூடிவிட்டு வீடு திரும்பினார்கள். லோதாருக்குச் சாயங்காலம் ரயில். உள்சட்டையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தான். கோட்டு ஹெட்விக்கின் மடியில் கிடந்தது. துணிக்கடையில் தையல் வேலை செய்கிறவள் அவள்.

"முப்பது நாள் பாக்க முடியாது. பெரிய தையலா நாலு போட்டுத் தரட்டாடா? கிழவர் சொன்ன மாதிரி?"

"முள்வேலியில மாட்டிக்கிச்சுன்னு சொல்லிக்கோயேன்" என்றார் அப்பா.

"கத்தி வெட்டு தெரியும்பா. எங்க போன, யாரு செத்தான்னு கேப்பாங்க." அவன் தலையைத் தூக்கவில்லை. "கிழிஞ்சதே தெரியாம தைச்சுடு அக்கா."

கிழிக்கிற வீரம் இவனுக்கு, இணைக்கிற பாவம் எனக்கா என்று அவளுக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே பயம் வந்து கோபத்தைத் தின்றது. அம்மா போய்விட்டாள்; இவனும் போய்விடக்கூடாது. கோட்டின் அடி மடிப்பிலிருந்தே நூலை உருவி ஊசியில் கோத்தாள். அதே நூலில் தைத்தால்தான் நிறம் காட்டிக்கொடுக்காது.

வெளிப்பக்கம் முடிந்தது.

"உள்பக்க லைனிங் துணிய மட்டும் அப்படியே விட்டுடறேன்."

"அதையும் புரட்டிப் பாப்பாங்கக்கா."

அதையும் தைத்தாள். அப்பா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயிலில் லோதாருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்திலிருந்த சிப்பாய் சிகரெட் நீட்டி ஏதோ சொன்னான். லோதார் சிரித்துத் தலையாட்டினான். வலது கையில் சிகரெட்டை வாங்கிக்கொண்டு இடது கையை நெஞ்சில் வைத்தான். விரல்கள் துணியின் மேல் மெல்ல ஏறி இறங்கின. திரும்பவும் மேலே போயின. ரயில் நகர்ந்த பிறகும் அவை அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தன. ஹெட்விக் அவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாள்.