எந்த நாட்டு இஞ்சினியர்

"இது வேற பதிவுப்பா," என்றேன். "பிரஜாவுரிமைப் பதிவு இல்ல, இஞ்சினியர் பதிவு. ஒங்களுக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

அப்பா அந்தோனிமுத்து கேட்கவில்லை. எல்கடுவ தோட்டத்து லயத்தில் பதிவு என்றால் பிரஜாவுரிமைப் பதிவு ஒன்றுதான். சொல் காதில் விழுந்ததுமே கோட்டை மாட்டிக்கொண்டார். தன் பிறப்புப் பத்திரம், என் ஞானஸ்நான அத்தாட்சி, அரிசிக் கூப்பன் புத்தகம் எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டார். எனக்கு எரிந்தது. மாத்தளை வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

இரத்தோட்டை வீதியில் பாலம் கட்ட ஒரு இஞ்சினியர் தேவை. நேர்முகத்தில் என்னைத்தான் எடுத்தார்கள். பதிவு கிடைத்தால் பாலத்தின் வரைபடத்தில் கையெழுத்துப் போடலாம். கையெழுத்துப் போட முடிந்தால்தான் அந்த வேலை என் வேலை.

கந்தோரில் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரி ஏக்கநாயக்க மாத்தயா என் பட்டத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிரஜாவுரிமை இருக்கா?" என்றார் சிங்களத்தில்.

அப்பா நினைத்த அதே பதிவு! அவர் பையை அவிழ்த்தார். "மனுப் போட்டோம் மாத்தயா. தள்ளிட்டாங்க."

"அப்ப மிஸ் வெளிநாட்டு இஞ்சினியர். ஒங்க நாட்டுச் சங்கத்துல பதிஞ்ச அத்தாட்சி வேணும்."

"எந்த நாடு?" என்றேன்.

"இந்தியா. தோட்டத்து ஆக்கள் எல்லாம் அங்கதானே."

"நான் படிச்ச பேராதனையத் தாண்டிப் போனதில்ல."

"சட்டத்த நான் எழுதல மிஸ்." குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்வோம். உதவியாளர்னு ஒரு இடம் தாறேன். வேலைய நீங்க பாருங்க, கையெழுத்த நோபர்ட் போடட்டும்."

நோபர்ட் என்னோடு படித்தவன். பாலம் கட்டும் பாடத்தில் இரண்டு தரம் கோட்டைவிட்டவன்.

"ஏத்துக்கம்மா," என்றார் அப்பா.

ஜன்னலுக்கு வெளியே புது ஜீப் ஒன்று நின்றது. அணை பார்க்க வந்த செக் நாட்டு இஞ்சினியருக்கு அரசாங்கம் கொடுத்தது.

"வெளிநாட்டு இஞ்சினியர்னுதானே சொன்னீங்க? அப்படியே எழுதுங்க. அவருக்குக் குடுத்த ஜீப்பு, பங்களா, சமைக்கக் கோக்கி எல்லாம் எனக்கும் வேணும்," என்றேன்.

பக்கத்து மேசை லிகிதர் சிரித்துவிட்டார்.

"அவர் வெளிய இருந்து வந்தவர் மிஸ்!" என்றார் ஏக்கநாயக்க.

"அப்ப நான் எங்க இருந்து வந்தேன்?"

ஏக்கநாயக்க பேனாவை மூடினார்.

"நோபர்ட்டுக்குப் பாலம் கட்டிக் குடுக்க எனக்கு ஏலாது," என்று எழுந்தேன்.

அப்பா எழவில்லை. கைகூப்பிக்கொண்டிருந்தார். "சின்னப் புள்ள மாத்தயா, கோவத்துல பேசுது. அந்த உதவி வேலைய..."

அந்தக் கூப்பிய கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழும்புங்கப்பா!" என்று கத்தினேன், கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்க்க.