மதியத் தூக்கத்தில் சொன்னது

வகுப்பில் மதியத் தூக்க நேரம். விளக்கை அணைத்தாயிற்று. முப்பத்தெட்டுத் தலைகளும் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. ஷாவோ-சிக்குக் கண் மூடவில்லை. பக்கத்து மேசை ருவோ-ஹானிடம் இன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால், இருக்கிற ஒரே தோழியும் போய்விடுவாள்.

"ஏய், தூங்கிட்டியா?"

"நீ இப்படி நோண்டினா எப்படிடி தூங்குறது? லீடர் பேரெழுதிடுவா."

"நம்ம நோட்ஸ் சைட்டு, நான் செஞ்சேன்ல... அதுல எல்லாரோட பாஸ்வேர்டையும் அப்படியே வச்சிருந்தேன்டி. பச்சையா."

நேற்றுச் சாயங்காலம் அந்தத் தப்பைத் திருத்தத்தான் பட்டியலைத் திறந்தாள். ருவோ-ஹானின் பெயருக்கு நேரே எழுத்தும் எண்ணும் கலந்த குப்பை. தைவானில் பலரும் செய்வதுதான்: விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, சீன வாக்கியத்தை அதன் ஒலிக்குறி விசைகளிலேயே தட்டிவிடுவார்கள்; திரையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக விழும். யாருக்கும் புரியாது என்று நினைப்பு. அதே விசைகளைச் சின்ன வயதிலிருந்து தட்டும் விரல்களுக்குப் புரியாமல் போகுமா? ஷாவோ-சியின் விரல்கள் தாமாகவே அசைந்து வாசித்துவிட்டன. 'அம்மா, வீட்டுக்கு வா.'

ருவோ-ஹானின் அம்மா ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்ப்பதாகத்தான் வகுப்புக்கே தெரியும்.

"உன்னோடதைப் பாத்துட்டேன். படிச்சுட்டேன். சாரிடி."

ருவோ-ஹான் முகத்தைச் சட்டைக்கைக்குள் புதைத்துக்கொண்டாள்.

"வேற யாரோடது பாத்த?" சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சத்தியமா யாரோடதும் இல்ல. மூடிட்டு, எல்லாத்தையும் அரைச்சுட்டேன். சோயாவை அரைச்சா திரும்பப் பயறாகுமா? அந்த மாதிரி. ஆளுக்கொரு தனி உப்பு வேற போட்டு, அதாவது ஆளுக்கு ஆள் வேற வேற எழுத்தைக் கலந்து. சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லி மாத்தச் சொல்லப்போறேன். முதல்ல உன்கிட்ட."

"அரைச்சுட்டா, நான்தான்னு சைட்டுக்கு எப்படித் தெரியும்?"

"நீ தட்டுறதை அதே உப்போட மறுபடி அரைக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா உள்ள விடும். இனிமே நீ வைக்கிறது என்னன்னு எனக்கும் தெரியாது."

"பெரிய சமையல்காரி!"

ருவோ-ஹான் மேசைக்கடியில் போனை எடுத்தாள். ஷாவோ-சி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"மாத்திட்டேன். என்னன்னு கேக்க மாட்டியா?"

"மாட்டேன்."

ருவோ-ஹான் போனை மேசைக்குள் வைத்தாள்.

"அம்மா ஒசாகால இல்லடி," என்றாள் ருவோ-ஹான் மெல்ல. "எங்க இருக்காங்கன்னு அப்பாவுக்கே தெரியாது."

இரண்டு மேசைகளுக்கு நடுவே அவள் கை நீண்டது. ஷாவோ-சி பிடித்துக்கொண்டாள். மணியடிக்க இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.