பத்து செகண்டு வீடியோ

தில்லையம்மாளின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கனிமொழியை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் என்ன, பெற்ற தாய்க்கு மகள் வரக் கூடாதா? திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, சிதம்பரத்தில் அண்ணன் செந்தமிழ்செல்வன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

டேவிட் ராஜை மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இந்த வீட்டில் அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததே செத்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். அடித்துப் பிடித்து ஓடி வந்தால், அவள் மகள் ஜெனிஃபரை நெய்ப்பந்தம் பிடிக்க விடாமல் ஓரங்கட்டினார்கள். அதைக்கூட விழுங்கிக்கொண்டாள். "சாவுற நேரத்துலயும் கனிமொழிய பாக்க மாட்டேன்னுட்டாங்க" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான் பாருங்கள், அதுதான் இறங்கவில்லை. அம்மா அப்படிச் சொல்லியிருப்பாளா? அது தெரியாமல் அவளுக்குத் தூக்கம் இல்லை.

"பொய் சொல்ற நீ," என்றாள் கூடத்தில் நின்று.

"பொய்யா? வீடியோவே இருக்குடி. பத்து செகண்டு. வேணுமா?"

"அனுப்பு. என் போன்ல வேணும்."

"பேஷா வாங்கிக்க. உன் புருஷனுக்கும் போட்டுக் காட்டு."

சொல்லிவிட்டான், அனுப்புவது எப்படி? வாட்ஸப்பில் அவளை எப்போதோ பிளாக் செய்திருந்தான். பிளாக் பண்ணது பண்ணதுதான் என்று வீம்பு. அவனுடையது ஐபோன், அவளுடையது ஆண்ட்ராய்டு. ஏர்டிராப்பைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அவள் போன் தென்படவே இல்லை.

"டப்பா போன வச்சிக்கிட்டு நியாயம் கேக்க வந்துட்டா."

"ரெண்டு போன்லயும் ஒரே ஆப்பப் போட்டா போவும். ரெண்டும் ஒரே வைஃபைல இருக்கணும், அவ்ளோதான். உன் பாஸ்வேர்ட சொல்லு."

"என் வீட்டு வைஃபைல உன் போனா? செருப்பு பிஞ்சிடும்."

"அப்ப என் ஹாட்ஸ்பாட்டுக்கு வா."

இலை போட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இனிப் பின்வாங்கினால் அவன் மானம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன ஆப்பை இறக்கினான். ஹாட்ஸ்பாட்டின் பெயராக 'ஜெனிஃபர்' என்று வந்தது. முகம் கோணிக்கொண்டது.

"பாஸ்வேர்டு?"

"அம்மா பேரு. கூடவே அம்மா பொறந்த வருஷம்."

அவன் விரல் சற்று நின்றது. பிறகு தப்பும் தவறுமாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். அந்த ஆத்திரத்திலேயே கேலரியைத் திறந்து, சரியாகப் பார்க்காமல் ஒன்றை அழுத்தி, "இந்தா, தொல" என்றான்.

வீடியோ வந்து சேர்ந்ததும் கனிமொழி சத்தத்தைக் கூட்டி ஓட விட்டாள்.

ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் எலும்பும் தோலுமாக அம்மா. படம் எடுத்த அண்ணனின் குரல் கேட்டது: "கனிமொழி வரட்டுமாம்மா?"

"வேணாம். அவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

கனிமொழி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா? போதுமா?" என்று சிரித்தான் செந்தமிழ்செல்வன்.

வீடியோ நிற்கவில்லை. அம்மா இருமினாள். அப்புறம் விசும்பினாள்.

"கோவத்துல சொல்லிட்டேன்டா. அவள வரச் சொல்லு. அந்தப் புள்ளையையும் கூட்டியாரச் சொல்லு. ஒருக்கா பாத்துட்டுக் கண்ண மூடுறேன்."

"சரிம்மா. போன் பண்றேன்," என்றது அண்ணனின் குரல்.

அண்ணி ஸ்ரீமதி புருஷனிடம் கிசுகிசுத்தாள். "வெட்டி வச்சத அனுப்பாம முழுசையும் அனுப்பிட்டீங்களா?" அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"அத அழிச்சிடு," என்று போனைப் பிடுங்க வந்தான்.

கனிமொழி போனை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அண்ணா என்று கூப்பிட வாய் வரவில்லை.

"பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்டா பாவி," என்றாள். "ஒரு மணி நேரத்துல வந்திருப்பேனே."